விடிய விடிய ஒரு பந்தாட்டம்

போன இதழில் பிரசவித்த பெண்களுக்கான பத்தியச் சமையல் பற்றி எழுதியிருந்தேன். பூண்டுக் குழம்பு நன்றாக வந்தது என்று பல சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். இந்த இதழில் சமையல் இல்லை. ஒரு பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன்.

"இது என்ன கூத்து! ஆட்டம், பாட்டமெல்லாம் ஆண்கள் சமாசாரம். நமக்கெதற்கு?" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிற இளம் தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு, பிறகு என்னைத் திட்டுங்கள்.

நான் சொல்லப் போவது அமெரிக்காவில் ஆடுகிற பேஸ்பால் ஆட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்பு என் நாத்தனார் பெண்ணுக்கு அங்கே வூஸ்டர் என்ற ஊரில் பிரசவம். நாத்தனாருக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய முடியாது. அதனால் நான் போய் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். பேஸ்பால் பைத்தியம். வேலி ஓரமாக நான் குழந்தைத் துணி உலர்த்தப் போனால், அவர் இந்தப் பக்கம் வந்து ஆட்டக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். புரியாததை நாத்தனார் பெண்ணிடம் கேட்டுக்கொள்வேன். இப்படித்தான் இந்த ஆட்டம் எனக்குத் தெரியவந்தது.

முதலில் ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் தெருவில் ஆடுகிற கிரிக்கெட் மாதிரி இதிலும் ஒருவர் பந்து வீசுவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். மட்டை பிடிப்பவர் நிற்கிற இடத்துக்கு 'ஹோம்' என்று பெயர். அதாவது வீடு! அங்கிருந்து ஓடி, மைதானத்தில் உள்ள மூன்று மூலைகளைத் தொட்டு, மறுபடி வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானதும் எதிரணி மட்டை பிடிக்க வேண்டும். இரண்டு அணியும் ஒரு தடவை ஆடி முடித்தால் ஒரு சுற்று. மொத்தம் 9 சுற்று. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆனால் இரண்டு அணியும் சமமாக இருந்தால்? டிரா என்று கைகுலுக்கிவிட்டுப் போக முடியாது. யாராவது ஒருவர் ஜெயிக்கிற வரைக்கும் 10, 11, 12 என்று சுற்றுகள் போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு விஷயம். எந்த ஊரில் ஆட்டம் நடக்கிறதோ, அந்த ஊர் அணிதான் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவதாக மட்டை பிடிக்கும். அதனால் கடைசி வார்த்தை எப்போதும் வீட்டுக்காரர்களுடையது. (வீட்டுக்காரர் என்றால் நம் வீட்டுக்காரர் இல்லை அம்மா, சொந்த ஊர் அணி!)

இனி கதைக்கு வருகிறேன்.

ராட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் என்று ஒரு மில் ஊர். அமெரிக்காவில் தண்ணீர் விசையால் முதன்முதலில் பஞ்சு நூற்ற ஆலை 1790-களில் அங்கேதான் எழுந்தது. ஆடம்பரம் இல்லாத, உழைப்பாளிகள் நிறைந்த ஊர். அந்த ஊருக்கு 'பாட்டக்கெட் ரெட் சாக்ஸ்' என்று ஒரு அணி இருந்தது. பெரிய லீக் அணி இல்லை, மைனர் லீக். பாஸ்டன் நகரத்துப் பெரிய அணியில் சேர ஒரு படி கீழே நின்று காத்திருக்கிற பையன்களின் அணி. சொற்பச் சம்பளம். நீண்ட பஸ் பிரயாணம். மேலே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வருஷக்கணக்கில் ஏக்கம். அதில் பலர் கல்யாணமானவர்கள். அவர்கள் பெண்டாட்டிமார் அந்தச் சம்பளத்தில் எப்படிக் குடித்தனம் செய்தார்களோ என்றுதான் என் புத்தி முதலில் போயிற்று!

1981-ம் வருஷம் ஏப்ரல் 18, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஈஸ்டர் பண்டிகை. பாட்டக்கெட்டில் இருந்த மெக்காய் ஸ்டேடியத்தில், நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த 'ராச்செஸ்டர் ரெட் விங்ஸ்' அணியோடு ஆட்டம். விளக்குகள் மக்கர் பண்ணி, அரை மணி தாமதமாகத்தான் தொடங்கியது. நல்ல குளிர், ஊதல் காற்று. வந்திருந்தவர்கள் 1,740 பேர்.

ஏழாவது சுற்றில் ராச்செஸ்டர் அணி ஒரு ரன் எடுத்துவிட்டது. பாட்டக்கெட்டுக்குப் பூஜ்யம். எட்டாவதும் போயிற்று. ஒன்பதாவதில் வீட்டுக்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு. அந்தச் சமயத்தில் மட்டை பிடிக்க வந்தவர் ரஸ் லாரிபி. ஓங்கி அடித்தார். பந்து உயரே போயிற்று. எதிரணி ஆள் பிடித்துவிட்டார். லாரிபி அவுட்! ஆனால் அந்தப் பந்து பிடிபட்ட அதே நொடியில், காத்திருந்த சிகோ வாக்கர் என்ற ஆட்டக்காரர் ஓடி வந்து வீட்டைத் தொட்டுவிட்டார். 1 - 1. தோற்க இருந்த ஆட்டம் பிழைத்தது.

இந்த மாதிரி, தான் அவுட்டாகி இன்னொருவனை வீடு சேர்ப்பதற்கு அந்த ஆட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? 'தியாகம்' என்றே பெயர். கணக்குப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த அவுட்டை அவருடைய தோல்விக் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒரே ஆச்சரியம். நம் வீடுகளிலும் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பாவம் லாரிபி, அந்த ஆட்டம் முழுக்க வேறு ஒரு அடியும் அவருக்குச் சரியாக விழவில்லை. 11 தடவை முயன்று 11 தடவையும் வெறுங்கை. அதில் 7 தடவை மட்டையில் பந்து படாமலே அவுட். ஆனால் அவர் அந்த ஒரு தியாகத்தைச் செய்திராவிட்டால் மேற்கொண்டு கதையே இல்லை.

சமமாகிவிட்டது அல்லவா, ஆட்டம் நீண்டது. 10, 11, 12... ராத்திரி மணி பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று இளவட்டம். அவரும் குளிர் தாங்காமல் பதினோரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாராம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

நள்ளிரவு தாண்டி 21-வது சுற்று. ராச்செஸ்டரின் டேவ் ஹப்பர்ட் அடித்த அடியில் அவர்களுக்கு இன்னொரு ரன். 2 - 1. அப்பாடா, ஒருவழியாக முடிந்தது, போய்ப் படுக்கலாம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே சுற்றில் வீட்டுக்காரர்கள் முறை வந்ததும் வேட் பாக்ஸ் என்ற பையன் ஒரு அடி அடித்தான் பாருங்கள், மறுபடி 2 - 2! இரண்டாவது தடவையும் தோல்வியின் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். சந்தோஷப்படுவதா, அழுவதா? அவன் கூட்டாளிகளுக்கே தெரிந்திருக்காது. இன்னும் ஆட வேண்டுமே!

குளிர் எலும்பைக் குடைந்தது. உடைந்த மட்டைகளையும் கிடைத்த மரக்கட்டைகளையும் பீப்பாயில் போட்டுக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். 25, 26, 27... யாருக்கும் ரன் இல்லை. கை விறைத்து, கண் சொருகி, ஆடுகிறோம் என்ற பெயருக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நேரமாயிற்று என்று நிறுத்தித் தொலைப்பதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த லீக்கில் அப்போது வழக்கமாக ஒரு விதி இருந்தது. ராத்திரி 12.50-க்கு மேல் புதுச் சுற்று ஆரம்பிக்கக் கூடாது. அப்படியே நிறுத்திவிட்டு, மீதியைப் பிறகு ஆட வேண்டும். ஆனால் அந்த வருஷம் அம்பயரிடம் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த ஒரு விதி மட்டும் விட்டுப்போயிருந்தது! புத்தகத்தில் இல்லாததை நான் எப்படிச் செய்வேன் என்று அம்பயர் சொல்லிவிட்டார். இது பைத்தியக்காரத்தனம் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் நிறுத்தச் சொல்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை.

பாட்டக்கெட் அணி நிர்வாகிகள் லீக் தலைவர் ஹரால்டு கூப்பருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவழியாக அவர் கிடைத்தார். இன்னுமா ஆடுகிறார்கள் என்று அவர் அதிர்ந்து போனாராம். நடக்கிற சுற்றோடு நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டார். 32-வது சுற்று முடிந்தது. விடியற்காலை மணி 4.07. ஸ்கோர் அதே 2 - 2. மைதானத்தில் எஞ்சியிருந்த ரசிகர்கள் 19 பேர்! அவர்கள் அத்தனை பேருக்கும் அணி நிர்வாகம் இலவச பாஸ் கொடுத்து மரியாதை செய்தது.

நடுவில் ஒரு வேடிக்கை. லூயிஸ் அப்போன்டே என்று ஒரு பந்து வீச்சாளர். ஏழாவது சுற்றிலிருந்து பத்தாவது வரை வீசிவிட்டார். அவர் வேலை முடிந்தது என்று மானேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போய்க் கதவைத் தட்டினால் விடியற்காலை மூன்று மணிக்கு மேல். மனைவி கதவைத் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் எங்கே என்கிறாள். மைதானத்தில் இருந்தேன், ஆட்டம் இன்னும் நடக்கிறது என்கிறார் இவர். எந்தப் பெண்ணாவது நம்புவாளா? ராத்திரி மூன்று மணிக்குப் பந்தாட்டமாம்! காலைப் பேப்பரைப் பார்த்தால் தெரியும் என்று கெஞ்சியிருக்கிறார். ஆட்டம் அவ்வளவு நேரம் இழுத்ததால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அந்தச் செய்தியும் வரவில்லை! பாவம் மனிதர், மைதானத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்தார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் இந்தக் கதையில் அந்த அம்மாளின் கட்சிதான்.

மீதி ஆட்டம் எப்போது நடந்தது தெரியுமா? இரண்டு மாதம் கழித்து, ராச்செஸ்டர் அணி மறுபடி அந்த ஊருக்கு வந்தபோது. ஜூன் 23, செவ்வாய்க்கிழமை. அப்போது பெரிய லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நாடு முழுக்க எழுத ஒன்றுமில்லாமல் இருந்த பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பாட்டக்கெட்டில் வந்து குவிந்துவிட்டார்கள். ஏப்ரலில் 19 பேர் மிஞ்சிய அதே மைதானத்தில் இப்போது 5,746 பேர்.

33-வது சுற்று. ராச்செஸ்டர் முதலில் மட்டை பிடித்தது. பாப் ஓஹெடா பந்து வீசினார். ரன் இல்லை. வீட்டுக்காரர்கள் முறை. மார்ட்டி பாரெட் மேல் பந்து பட்டதால் அவருக்கு முதல் மூலை கிடைத்தது. சிகோ வாக்கர் அடித்த அடியில் பாரெட் மூன்றாம் மூலைக்குப் போய்விட்டார். அடுத்து நம் லாரிபி. அவரை வேண்டுமென்றே அடிக்க விடாமல் முதல் மூலைக்கு நடக்கவிட்டார்கள். மூன்று மூலையிலும் ஆள். டேவ் கோசா என்பவர் மட்டையோடு வந்தார். அடித்தார். பந்து இடது பக்கம் போய் விழுந்தது. பாரெட் வீடு வந்து சேர்ந்தார். 3 - 2. பாட்டக்கெட் ஜெயித்தது!

மொத்த ஆட்டம் 8 மணி 25 நிமிடம். சம்பளத்துக்கு ஆடும் பேஸ்பால் ஆட்டங்களில் இவ்வளவு நீளமான ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அந்தக் கடைசிச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? வெறும் 18 நிமிடம்.

சகோதரிகளே, இந்த 18 நிமிடத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

வூஸ்டரில் இந்தக் கதையை நான் கேட்டபோது, வீட்டுக்குள் நாத்தனார் பெண் எப்படி இருந்தாள் என்று சொல்கிறேன். குழந்தை பிறந்து ஐந்து வாரம். இரண்டு மணிக்கொரு தடவை பால். நடுவில் துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, தூங்க வைப்பது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். நான் இருந்தும் என்ன? குழந்தை கண் மூடினதும் இவள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். "நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கறேன்" என்பாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பால் பாட்டில் கழுவுவாள், ஒரு மணிக்குத் துணி மடிப்பாள். "போய்ப் படு கண்ணு" என்றால், "இது ஒண்ணு மட்டும் முடிச்சிடறேன்" என்பாள். அந்த ஒன்று முடிகிற வேலையா? ஒரு நாள் விடியற்காலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றால் காரணம் சொல்லத் தெரியவில்லை. "நான் நல்ல அம்மாவே இல்லை அத்தை" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அன்றைக்குப் பகலில் அவளுக்கு இந்தப் பந்தாட்டத்தைத்தான் சொன்னேன். அந்த அம்பயர் கையில் இருந்த புத்தகம்தான் நம் கையிலும் இருக்கிறது என்றேன். சூரியன் உதிக்கும் முன் எழுந்திருக்க வேண்டும், புருஷனுக்கு, மாமியாருக்கு, பிள்ளைக்கு இன்னின்னது செய்ய வேண்டும் என்று நமக்கு எத்தனையோ விதி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற பக்கம் மட்டும் நம் புத்தகத்தில் அச்சாகவே இல்லை. அது இல்லாததால் நாமும் 32 சுற்று ஆடிக்கொண்டே இருக்கிறோம். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது அநியாயம் என்று தெரியும். ஆனால் நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நல்ல பையன்தான். ஆனால் எதைச் செய்வதென்று தெரியாமல் நிற்கிற ரகம். "மாப்பிள்ளை, ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் குழந்தை உங்க பொறுப்பு. அந்த நாலு மணி நேரம் இவளை யாரும் எழுப்பக் கூடாது" என்றேன். "பசிச்சு அழுதா என்ன பண்றது அத்தை?" என்றார். குழந்தை டாக்டரிடம் கேட்டோம். குழந்தையின் எடை நன்றாக ஏறுகிறது, தாய்ப்பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து அந்த ஒரு வேளைக்குக் கொடுக்கலாம் என்றார். அதே டாக்டரிடம் இவள் அழுததையும் மறைக்காமல் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் இப்படி வருவது சகஜம், ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லி, அவளுக்குத் தனியாக ஒரு டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதல் ராத்திரி மாப்பிள்ளை பட்ட பாடு! ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். குழந்தை தோளில், இவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நாத்தனார் பெண் அசந்து தூங்கினாள். எல்லாம் மறுநாளே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். டாக்டரிடம் பல தடவை போனாள். முகத்தில் பழைய சிரிப்பு வர இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் அந்த நாலு மணி நேரத் தூக்கம் அவளுக்கு ஒரு பிடிப்பைக் கொடுத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

குழந்தை பெற்றவர்கள் ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு சோர்ந்தே இருந்தால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால், அதைத் திமிர் என்றோ, சோம்பல் என்றோ, காற்று கருப்பு என்றோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது வைத்தியம் உள்ள வியாதி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. லீக் தலைவருக்குப் போன் கிடைத்த பிறகுதான் ஆட்டம் நின்றது. வீட்டில் அந்தத் தலைவர் ஸ்தானத்தில் இருப்பவர் நீங்கள். 'போதும்மா, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மருமகள் தானாகச் சொல்லிக்கொண்டால் அவளுக்கே மனசு உறுத்தும். நீங்கள் சொன்னால் உறுத்தாது. ஒரு வார்த்தைதானே!

அந்த ராத்திரி ஆடியவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்றும் பெரியவரிடம் கேட்டேன். 21-வது சுற்றில் ஆட்டத்தைக் காப்பாற்றிய வேட் பாக்ஸும், எதிரணியில் ஆடிய கால் ரிப்கன் என்ற பையனும் பெரிய லீக்குக்குப் போய் நாடே கொண்டாடும் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். பாக்ஸுக்கு 2005-லும், ரிப்கனுக்கு 2007-லும் பேஸ்பாலின் மிகப் பெரிய கௌரவமான 'ஹால் ஆஃப் ஃபேம்' வரிசையில் இடம் கிடைத்தது. ஜெயித்த அடியை அடித்த டேவ் கோசாவுக்குப் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது. பாட்டக்கெட் அணியும் அந்த ஊரில் இப்போது இல்லை. 2021-லிருந்து வூஸ்டரில் ஆடுகிறது. ஆனாலும் 33-வது சுற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோசாவின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

ரிப்கனைப் பற்றி இன்னொன்று. அவர் 1982-லிருந்து 1998 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடினார். லீவே போடாத மனிதர். நம் ஜாதி! 1998 செப்டம்பரில் ஒரு நாள், யாரும் சொல்லாமலே, தானாகவே மானேஜரிடம் போய், இன்றைக்கு நான் ஆடவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய புகழ் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

நீங்கள் இதைப் படிக்கிற இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு நேரத்தை எழுதுங்கள். பத்தோ, பத்தரையோ, உங்கள் வீட்டுக்கு எது தோதோ அது. அடுப்படிச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். அந்த மணி ஆனதும், பாத்திரம் மிச்சமிருந்தாலும், மாவு எடுத்து வைக்காமல் இருந்தாலும், விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். கெட்டுப் போகிற பால், தயிரை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒரு வாரம் போனால் அவர்களே, "மணி பத்தாயிடுச்சே, இன்னும் என்ன பண்றே?" என்று கேட்பார்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் முக்கால் மணி நேரம் தேய்க்கிற பாத்திரத்தை, காலையில் கால் மணியில் தேய்த்துவிடலாம். நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை மணி என்று எழுதி ஒட்டினீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பல் முளைக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடிய ஆகாரங்கள் பற்றிப் பேசுவோம்.